வயலில் குதித்த வம்சம்

மார்செல்லாவுக்கு முழங்கால் ஆபரேஷன் மட்டும் நடந்திராவிட்டால் ஸ்கோச்தோபொலே குடும்பத்தின் மானம் இன்றைக்கும் பத்திரமாக இருந்திருக்கும் என்று டர்க்கி க்ரீக்கில் சொல்லாதவர்கள் கிடையாது. குளிர்காலம் முடிகிறவரை காலை நீட்டி உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்துக்கு அவர் புதுசு. மார்செல்லாவை உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று யாரையாவது விசாரித்திருக்கலாம்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஊரில் இப்போது தலை நரைத்துக்கொண்டிருக்கிற பாதிப் பேர் சின்ன வயதில் அவள் பஸ்ஸில் போனவர்கள்தான். பஸ்ஸில் இருந்த மைக்கில் தலைமையாசிரியர் குரலிலேயே பேசி, நாளைக்குப் பரீட்சை என்று அறிவித்து, பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும் தன் சொந்தக் குரலில் சிரிப்பாள். ஒரு ஏப்ரல் முதல் தேதி பஸ்ஸைப் பள்ளிக்குக் கொண்டுபோகாமல் நேரே கார் கழுவும் கொட்டகைக்குள் விட்டுவிட்டாள். ஜன்னல்களை மூடச் சொன்னாள் என்பது அவள் தரப்பு. சொல்லவில்லை என்பது நனைந்தவர்கள் தரப்பு.

பிறந்த வீட்டில் அவள் மார்செல்லா சகால்கா. செக் மொழியில் அந்தப் பெயருக்குச் சோம்பல் என்று அர்த்தம். வேறு எங்கேயாவது பிறந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. டர்க்கி க்ரீக்கிலோ கல்லறைக் கல் முதல் கசாப்புக் கடைப் பலகை வரை செக் பெயர்கள்தான். தாய்மொழியை முக்கால்வாசி மறந்துவிட்டவர்களும் திட்டுவதற்கும் கிண்டலுக்கும் வேண்டிய சொற்களை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா கோழி கூவும் முன்பே எழுந்து மாடு கறந்து, சோளம் ஏற்றிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்வார். அங்கே வரிசையில் நிற்பவர்கள், "வழி விடுங்கப்பா, சோம்பல் வருது" என்பார்கள். தினமும் அதே பேச்சு. தினமும் அதே சிரிப்பு.

அவள் கட்டிக்கொண்டது மைலோ ஸ்கோச்தோபொலேயை. சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி. வார்த்தைகளை விதை நெல் மாதிரி சேமித்து வைத்துக்கொள்கிறவர். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவருடைய அக்கா லிப்பி இருந்தாள். ஸ்கோச்தோபொலே என்றால் "வயலில் குதி" என்று அர்த்தம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. லிப்பிக்குத் தோன்றியது. அவள் கணக்குப்படி அந்த வயல் போர்க்களம். ஏதோ ஒரு ராஜா தோற்றுக்கொண்டிருந்தபோது, அவர்கள் முப்பாட்டன் ஒருவன் குதிரையோடு களத்தில் குதித்து ராஜாவைக் காப்பாற்றினானாம். ராஜா அங்கேயே அந்தப் பெயரைச் சூட்டினானாம். எந்த ராஜா, எந்தப் போர் என்று கேட்டால், "அதெல்லாம் பழைய காலம்" என்று முடித்துவிடுவாள். மாநிலக் கண்காட்சியில் ஒரு கடையில் குலச் சின்னம் எழுதித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கோதுமைக் கதிர்களைத் தாண்டிப் பாயும் குதிரையை எழுதி வாங்கி வந்து வரவேற்பறையில் மாட்டியிருந்தாள்.

மார்செல்லாவின் கல்யாண விருந்து ஊர்ச் சங்கக் கூடத்தில் நடந்தது. லிப்பி பீர் கோப்பையோடு எழுந்து, "எங்க வீட்டுல எல்லாம் இருந்துச்சு. சோம்பல் ஒண்ணுதான் இல்லாம இருந்துச்சு. இன்னிக்கு அதுவும் வந்து சேர்ந்துருச்சு" என்றாள். கூடம் அதிர்ந்தது. மார்செல்லாவும் சிரித்தாள். ஆனால் அவள் மறக்கவில்லை. மறக்க லிப்பி விடவும் இல்லை. பிள்ளைகள் பிறந்தபோதும், பன்றி வறுவல் கருகியபோதும், கொடியில் காயப்போட்ட துணி மழையில் நனைந்தபோதும் அந்தப் பெயர் ஒரு தடவை வெளியே வந்துவிட்டுப் போகும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் லிப்பி ஈரல் உருண்டை சூப்போடு வந்தாள். சூப்பை வைத்துவிட்டு, நீட்டியிருந்த காலைப் பார்த்தாள்.

"சும்மாதானே உக்காந்திருக்கே. பொறந்த வீட்டுப் பேருக்கும் பொருத்தமா இருக்கு. ஒரு வேலை குடுக்கறேன், செய்யி."

"என்ன?"

"கம்ப்யூட்டர்ல இப்பல்லாம் பூர்வீகம் தேடிக் கண்டுபிடிக்கறாங்களாமே. நம்ம குதிரைவீரன் பேரு என்னன்னு கண்டுபிடி. ஆகஸ்ட் மாசம் குடும்பம் மொத்தமும் கூடுது. சங்கக் கூடத்துல மைக் வெச்சுப் படிக்கணும்."

"குதிரை பேரும் வேணுமா?"

"கெடைச்சா நல்லதுதான்" என்றாள் லிப்பி. மார்செல்லா கிண்டல் செய்கிறாளா என்று லிப்பிக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவுக்கு முதலில் வந்த ஸ்கோச்தோபொலே, வொய்த்யெக் என்பவர். அவருடைய கல்லறையில் "பிறந்தது லொத்தா, பொஹீமியா" என்று வெட்டியிருந்தது. இவ்வளவு தெரிந்த பிறகு என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு மார்செல்லா கணினியைத் திறந்தாள். செக் நாட்டுப் பகுதியான அந்தப் பொஹீமியாவில் லொத்தா என்ற பெயரில் நூற்றுக்கணக்கான ஊர்கள் இருந்தன. பெரிய லொத்தா, சின்ன லொத்தா, கருப்பு லொத்தா, காட்டு லொத்தா. புதுசாகக் காடு வெட்டிக் குடியேறிய இடத்துக்கெல்லாம் அந்தக் காலத்தில் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவள் சளைக்கவில்லை. ஒவ்வொரு லொத்தாவுக்கும் எழுதினாள். வீட்டில் பேசிப் பழகிய செக் மொழியில், எழுத்துப் பிழைகளோடு எழுதினாள். ஒரு ஊர்த் தலைவர், அப்படி யாரும் இங்கே இல்லை, ஆனால் எங்கள் ஊர் பீர் நன்றாக இருக்கும், வந்துவிட்டுப் போங்கள் என்று பதில் போட்டார். இன்னொரு லொத்தாவிலிருந்து காற்பந்துக் குழுவின் படம் வந்தது, இதில் யாராவது உங்கள் ஜாடையில் இருக்கிறார்களா என்ற கேள்வியோடு. மார்செல்லா மைலோவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மைலோ மூக்குக் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "கோல் கீப்பர் குண்டா இருக்கான்" என்றார்.

பனி உருகத் தொடங்கிய சமயம், தெற்கிலுள்ள ஒரு லொத்தாவிலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. "ஸ்கோச்தோபொலே நான்தான். வீடியோவில் கூப்பிடுங்கள். யரோமீர்."

இங்கே காலை காபி நேரம் என்றால் அங்கே சாயங்காலம். திரையில் ஒரு பெரிய மீசையும், அதற்குப் பின்னால் ஒரு மனிதரும் தெரிந்தார்கள். மார்செல்லா தன் செக்கில் வணக்கம் சொல்லி, தான் யார் என்று விவரித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் யரோமீர். "நீங்க பேசறது கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து பேசற மாதிரி இருக்கு. இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. இன்னும் பேசுங்க."

"என்ன பேச?"

"என்ன வேணா. சமையல் குறிப்பு இருந்தாக்கூடப் பரவாயில்ல."

மார்செல்லாவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. "நீங்க ஸ்கோச்தோபொலேன்னா எங்க வீட்டுக்காரருக்குச் சொந்தம்தானே?"

"அதெப்படி? என் பேரு ஹ்ருபெஷ்."

"நீங்கதானே எழுதினீங்க?"

"ஊருக்குள்ள நான் ஸ்கோச்தோபொலே. போஸ்ட்மேனுக்கு நான் ஹ்ருபெஷ். எங்க அப்பா இந்த வீட்டை வாங்கினாரு, அன்னிலேர்ந்து நாங்க ஸ்கோச்தோபொலே. என் நாய்கூட ஸ்கோச்தோபொலேதான். இந்தக் கூரைக்கு அடியில யாரு படுக்கறாங்களோ அவங்களுக்கு அந்தப் பேரு. அது ஆளோட பேரு இல்லம்மா, வீட்டோட பேரு."

மார்செல்லா காபியைக் கீழே வைத்தாள்.

"அப்ப வீட்டுக்கு ஏன் அந்தப் பேரு?"

யரோமீர் எழுந்து, திரையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். ஒரு சின்ன ஜன்னல். வெளியே நேரே வயல். "ஊர்ல கடைசி வீடு இது. அந்தக் காலத்துல பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வருவாங்க. முன்வாசல்ல அவங்க சத்தம் கேட்டதும் வீட்டு ஆம்பளைங்க இந்த ஜன்னல் வழியா வயல்ல குதிச்சு ஓடிருவாங்களாம். 'குதிடா வயல்ல'ன்னு பொம்பளைங்க உள்ளேர்ந்து கத்துவாங்களாம். ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க. நான் பாக்கல."

"குதிரை ஏதும் இருந்துச்சா?"

"இந்த ஜன்னல்லயா?"

மார்செல்லா சிரித்த சிரிப்பில் ஆபரேஷன் செய்த கால் வலித்தது. தொழுவத்திலிருந்து மைலோ ஓடி வந்து, விழுந்துவிட்டாளோ என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

யரோமீரின் அக்கா மகளுக்குப் பழைய தேவாலயப் பதிவுகளின் கோணல் எழுத்தைப் படிக்கத் தெரியும். அவள் தேடிப் பார்த்துச் சொன்னதுதான் உச்சம். வொய்த்யெக்கின் கொள்ளுத்தாத்தா மத்யேய் அந்த வீட்டில் பிறந்தவரே இல்லை. அக்கம்பக்கத்து ஊரிலிருந்து வந்து, அந்த வீட்டு விதவையைக் கட்டிக்கொண்டு, வீட்டோடு சேர்த்துப் பெயரையும் வாங்கிக்கொண்டவர். விதவையின் முதல் புருஷனுக்குப் பிள்ளை கிடையாது. மத்யேயின் பிள்ளைகள்தான் பிறகு ஸ்கோச்தோபொலே ஆனார்கள். அதற்கு முன் அவருடைய சொந்தப் பெயர் சகால்கா.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் மார்செல்லா.

"சகால்கா. சோம்பல்னு அர்த்தம். உங்க ஊர்ல இந்தச் சொல் புழக்கத்துல இருக்கா?" என்று கேட்டார் யரோமீர்.

அதற்குப் பிறகு ஆகஸ்ட் வரை மார்செல்லா வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை என்று மைலோ பிற்பாடு சொன்னார். அவரிடம்கூட அவள் சொல்லவில்லை. லிப்பி வாரா வாரம் கேட்டாள். "நல்ல சேதிதான் லிப்பி. கேட்டா எந்திரிச்சு நிப்பீங்க" என்பாள் இவள். லிப்பிக்குத் தலைகால் புரியவில்லை. குடும்பம் மொத்தத்துக்கும் பனியன் அடிக்கக் கொடுத்தாள், நெஞ்சில் குதிரை படத்தோடு. குதிரை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்று யோசனை சொன்னது மார்செல்லா.

கூட்டத்து அன்று சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. ஓமாஹாவிலிருந்தும் கொலராடோவிலிருந்தும் யார் யாரோ வந்திருந்தார்கள். பன்றி வறுவல், மாவுருண்டை, புளித்த கோஸ், கசகசா வைத்த பன். எல்லார் நெஞ்சிலும் குதிரை பாய்ந்துகொண்டிருந்தது. லிப்பி ராஜா கதையை முழுசாகச் சொல்லி முடித்து, "மிச்சத்தை எங்க மார்செல்லா சொல்லுவா. பாவம், மூணு மாசம் உக்காந்தே கண்டுபிடிச்சிருக்கா" என்று மைக்கைக் கொடுத்தாள்.

மைக் பிடிக்க மார்செல்லாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சகால்கா வம்சத்துல பொறந்தவங்க எல்லாரும் கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க."

ஒருவரும் எழவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன, யாரும் எந்திரிக்கக் காணோம். சோம்பலா இருக்கா?"

சிரிப்பு எழுந்தது. லிப்பிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மார்செல்லா, அவசரப்படாமல், கூரையையும் ஜன்னலையும் விதவையையும் மத்யேயையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஜன்னலுக்கு வரும்போதே மைலோவின் தம்பி மகன் டென்னிஸ் பனியனைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டான். மத்யேயின் சொந்தப் பெயர் சகால்கா என்பதைக் கடைசியாகச் சொன்னாள். பிறகு யாரோ ஒரு வயசாளி மேஜையைத் தட்ட, அவ்வளவுதான், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். ஆளுக்கு ஆள் எழுந்து நின்று, "சகால்கா ஆஜர்" என்றார்கள். மைலோகூட முள்கரண்டியோடு எழுந்து நின்றார்.

லிப்பி மட்டும் உட்கார்ந்திருந்தாள். மார்செல்லா அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகக் காத்திருந்த நிமிஷம் இதுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, மைக்கைக் கொஞ்சம் முன்னாடியே கீழே வைத்திருக்கலாமோ என்றும் அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் நெஞ்சில் உட்காரக்கூட லிப்பி அவகாசம் தரவில்லை. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாகக் கேட்டாள்:

"ஒரு சின்ன சந்தேகம் மார்செல்லா. மைலோ சகால்கா. நீயும் சகால்கா. அப்ப நீ கட்டிக்கிட்டது உன் சொந்தத்துலயா?"

சொந்தத்தில் கட்டிக்கொள்வதைக் கொண்டாடுகிற ஊர்கள் உலகத்தில் உண்டு. நெப்ராஸ்கா அதில் சேர்த்தி இல்லை. அங்கே மாமன் மகளைக் கட்டினான் என்றால் அது அடுத்த ஊர்க்காரனைப் பற்றிச் சொல்கிற கேலிக் கதையாகத்தான் இருக்கும். இப்போது முன்னைவிட இரண்டு மடங்கு சிரிப்பு கிளம்பியது. மார்செல்லாவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. அவள் பதில் தேடி மைலோவைப் பார்த்தாள். மைலோ மாவுருண்டையை விழுங்கிவிட்டு, "இத்தன வருஷம் கழிச்சுத் திருப்பிக் குடுக்க முடியாது" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஊர் அதையும் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து மார்செல்லாவால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. பெட்ரோல் போடப் போனால், "கசின் சௌக்கியமா?" என்றான் பம்ப்பில் இருந்தவன். ஒரு காலத்தில் பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளிடம் ஏச்சு வாங்கியவன். மளிகைக் கடையில் ஒருத்தி, "உங்களுக்கு மட்டும் மாமியார் வீடும் பொறந்த வீடும் ஒண்ணு, பெட்ரோல் மிச்சம்" என்றாள். கார் கழுவும் கொட்டகையில் நனைந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் பழி தீர்த்துக்கொண்டார்கள். கொடுக்க மட்டுமே பழகிய அவளுக்கு வாங்கிக்கொள்வது புதுசாக இருந்தது. ஒரு வாரம் மைலோவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. மைலோவுக்கு அது தெரியவே இல்லை.

கடைசியில் யரோமீரையே கூப்பிட்டாள். "எங்க சகால்கா வேற, அந்த மத்யேயோட சகால்கா வேறன்னு எனக்கு ஒரு ஆதாரம் வேணும். எப்படியாவது கண்டுபிடிங்க."

யரோமீரின் அக்கா மகள் தேடினாள். மார்செல்லாவின் முன்னோர்கள் வந்த ஊர் மத்யேயின் ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம்தான். ஆனால் அங்கே பாதிரியார் வீடு ஒரு தடவை எரிந்துபோனதில் பழைய பதிவுகள் சாம்பலாகிவிட்டன.

"உறவுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் யரோமீர். "உறவா இருந்தாலும் எட்டுத் தலைமுறைக்கு முன்னாடிம்மா. அவ்வளவு தள்ளிப் போனா நீங்களும் நானும்கூட உறவுதான். இதையேதான் அந்த அம்மாகிட்டயும் சொன்னேன்."

"எந்த அம்மா?"

மீசை சட்டென்று நின்றுவிட்டது.

"எந்த அம்மா, யரோமீர்?"

"லிப்பி அம்மா. உங்களையும் உங்க வீட்டுக்காரரையும் ஒண்ணுவிட்ட சொந்தம்னு எழுதித் தரச் சொல்லிக் கேட்டாங்க. தர முடியாதுன்னு சொன்னேன். மறுநாளும் கூப்பிட்டாங்க. அதுக்கு மறுநாளும்."

மறுநாள் காலை மார்செல்லா காலைத் தேய்த்துக்கொண்டே காரை எடுத்தாள். லிப்பி வீட்டுக் கதவைத் தட்டும் வழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. நேரே சமையலறைக்குள் நுழைந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

லிப்பி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலையை முந்தின நாள்தான் சுருட்டிவிட்டிருக்கிறாள். கழுத்தில் முத்துமாலை. உதட்டில் சாயம். புருஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து லிப்பியின் உதட்டில் சாயத்தைப் பார்த்தவர்கள் டர்க்கி க்ரீக்கில் இல்லை. திரையில் யரோமீர், கழுத்தில் டை கட்டி, மீசையை வாரிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்து வறுக்கும்போது சீரகத்தை எப்போது போடுவது என்பதைப் பற்றி லிப்பி தன் பழைய செக்கில் சொல்ல, அவர் உலகத்திலேயே முக்கியமான விஷயம் அதுதான் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு அது பின்னாடி?" என்றார் யரோமீர்.

லிப்பி திரும்பினாள். எழுபது தாண்டிய அந்த முகம், மார்செல்லா ஒரு நாளும் பார்த்திராத விதமாகச் சிவந்தது.

"பூர்வீகம் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்" என்றாள்.

"தெரியுது" என்றாள் மார்செல்லா. "சீரகத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க." நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யரோமீர், இவங்க சொல்றதை நம்பாதீங்க. சீரகம் முதல்லயே போடணும்."

"உனக்கு வாத்து வறுக்கவே தெரியாது" என்றாள் லிப்பி. "உன் வாத்தைச் சாப்பிட்டு மைலோ எப்படி உசிரோட இருக்கான்னே தெரியல."

"ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார் யரோமீர். இருவரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள்.

அடுத்த மே மாதம் லிப்பி ப்ராகுக்கு விமானம் ஏறினாள். பூர்வீக வீட்டைப் பார்க்க என்றுதான் ஊருக்குச் சொன்னாள். ஓமாஹா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது மார்செல்லா. வழி முழுக்க லிப்பி கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள்.

"என் செக் ரொம்பப் பழசா இருக்குமோ?"

"அந்தாளுக்குப் பழசுதான் புடிக்குது. கவலைப்படாதீங்க."

"மார்செல்லா, நீ இதை யாருகிட்டயும் சொல்லலதானே?"

"எதை?"

லிப்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மார்செல்லாவும் அத்தோடு விட்டாள். சங்கக் கூடத்தில் ஒரே வாரத்தில் அரங்கேற்றியிருக்கக்கூடிய கதை அது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மைலோவிடம் மட்டும் சொன்னாள், அவரிடம் சொல்வது யாரிடமும் சொல்லாததற்குச் சமம் என்பதால்.

மூன்று வாரத்தில் திரும்புவதாகப் போன லிப்பி ஜூன் முடிந்தும் வரவில்லை. முதலில் தினமும் கூப்பிட்டாள். தோட்டத்தில் வெயில் கொளுத்துகிறது என்றாள், கூரையில் ஓடு மாற்றுகிறோம் என்றாள். "மாத்தறோம்" என்ற சொல்லை மார்செல்லா கவனித்துக்கொண்டாள். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை. பிறகு, "அடுப்புல வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று துண்டிக்க ஆரம்பித்தாள்.

மார்செல்லா சமையலறைக்கும் தின்பண்ட அலமாரிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சண்டை போட ஊரில் ஆள் இல்லை.

"நாலு நாளாச்சு. ஒரு வார்த்தை கூப்பிடல பாருங்க" என்றாள்.

மைலோ செய்தித்தாளைத் தாழ்த்தினார். "நீதானே ஏர்போர்ட்டுல கொண்டுபோய் விட்டே" என்றார்.

மார்செல்லா போனை எடுத்து, அங்கே மணி என்ன இருக்கும் என்று பார்க்காமலேயே லிப்பியின் எண்ணை அழுத்தினாள்.